‘கவனயீனம்’ என்று எழுதி முடித்துவிடலாமா?

(நமது பாடசாலையின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாடசாலையின் பெருமையைப் பேச இந்த மேடையில் எங்களைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். மருத்துவத் துறைக்குப் போன பழைய மாணவிகள் என்ற வகையில், ஊவாவின் தோட்டங்களுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைச் சொல்லுங்கள் என்று சங்கம் எங்களைக் கேட்டது. மனிதர்களின் நடத்தையை ஆராயும் உளவியல், வேலை செய்யும் இடத்தில் உடம்பையும், வேலை நடக்கும் மண்ணையும் நீரையும் காப்பதற்கு எப்படி உதவும் என்பதையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உளவியல் என்றதும் பயப்பட வேண்டாம். நமக்கெல்லாம் பழக்கமான ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘கவனயீனம்’ என்பது அந்தச் சொல். கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால் கவனயீனம். வழுக்குப் பாறையில் கூடையோடு விழுந்தால் கவனயீனம். மருந்து அடித்தவருக்கு வாந்தியும் மயக்கமும் வந்தால், கையுறை போடாத கவனயீனம். வைத்தியசாலைக்குக் கூட்டி வருபவர்களும் அதையே சொல்கிறார்கள். காயப்பட்டவரும் தலையைக் குனிந்துகொண்டு அதையே சொல்கிறார். அந்தச் சொல்லை எழுதியதும் விசாரணை முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அதே மலையில், அதே இடத்தில், வேறொருவர் விழுகிறார். இரண்டு பேருக்கும் தற்செயலாக ஒரே கவனயீனம் வந்துவிட்டதா, அல்லது அந்த இடத்தில் ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

நடத்தை உளவியல் அந்தக் கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் வழிவந்தவர்கள் சொல்வது சுருக்கமானது. ஒருவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று அறிய வேண்டுமானால், அவருடைய மனதுக்குள் துருவுவதற்கு முன்னர் இரண்டு பக்கமும் பாருங்கள். அந்தச் செயலுக்கு முன்னால் என்ன இருந்தது? அதன் பின்னால் அவருக்கு என்ன கிடைத்தது? கிடைப்பது உடனடியாகவும் நிச்சயமாகவும் இருந்தால், அந்தச் செயல் திரும்பத் திரும்ப நடக்கும். நாள் கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்றிருக்கும் விளைவுக்கு அவ்வளவு வலு இல்லை.

மருந்து அடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதுகில் 16 லீட்டர் டாங்கி. ஏற்றமான மலை. ரப்பர் சப்பாத்தும் கையுறையும் முகக்கவசமும் போட்டால் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் வியர்க்கும், மூச்சு முட்டும், நடை தளரும், சொன்ன அளவு டாங்கி முடியாது. இவையெல்லாம் அன்றைக்கே, தவறாமல் நடப்பவை. போடாவிட்டால் வரும் கேடு எப்போது வரும்? தோலில் மெதுவாக, நரம்பில் மெதுவாக, வருடக் கணக்கில். பக்கத்தில் அடிப்பவர் போடவில்லை, அவர் நன்றாகத்தானே இருக்கிறார்? இப்படிப் பார்த்தால் அவர் மூடத்தனமாக நடக்கவில்லை என்பது தெரியும். அவர் நிற்கும் இடத்தில் நம்மில் யார் நின்றாலும் அநேகமாக அதையேதான் செய்வோம். ஆகவே அவருக்கு இன்னொரு ‘விழிப்புணர்வுக் கூட்டம்’ வைப்பதால் அதிகம் மாறப்போவதில்லை. வெயில் ஏறுமுன் அடித்து முடிக்கும்படி நேரத்தை மாற்றலாம். டாங்கிக் கணக்கைக் குறைக்கலாம். நமது வெக்கைக்கு ஏற்ற இலேசான அங்கியைக் கொடுக்கலாம். மருந்து கலக்கும் இடத்திலேயே தண்ணீரும் சவர்க்காரமும் வைக்கலாம். இவை செய்தால் மாறும்.

இது வெறும் எண்ணமல்ல. 1978ஆம் ஆண்டு ஜூடித் கொமாக்கி என்ற பெண் ஆய்வாளரும் அவரது சகாக்களும் அமெரிக்காவில் ஒரு பெரிய பேக்கரித் தொழிற்சாலையில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் யாரையும் ஏசவில்லை, அபராதமும் போடவில்லை. பாதுகாப்பான வேலைமுறை எது என்று தெளிவாகப் பட்டியலிட்டார்கள், படம் காட்டி விளக்கினார்கள், பிறகு எத்தனை வீதம் பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று அவதானித்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் வரைபடமாகத் தொங்கவிட்டார்கள். சரியாகச் செய்பவரிடம் மேற்பார்வையாளர் அதைச் சொல்லிப் பாராட்டினார். ஒரு பிரிவில் 70 வீதமாக இருந்த பாதுகாப்பான நடத்தை 96 வீதமாக உயர்ந்தது. இன்னொரு பிரிவில் 78 வீதம் 99 வீதமானது. பின்னர் வரைபடத்தையும் பாராட்டையும் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டும் 70 வீதத்தை ஒட்டிய பழைய நிலைக்கே இறங்கின. ஆட்கள் அதே ஆட்கள்தான். அவர்களைச் சுற்றியிருந்தது மாறியபோது அவர்களும் மாறினார்கள். அது நின்றபோது அவர்களும் நின்றார்கள்.

நமது தோட்டங்களில் மேற்பார்வை என்றால் ஏச்சு என்று ஒரு பழக்கம் ஆதியிலிருந்தே ஊறிப்போயிருக்கிறது. ஏச்சுக்கு ஒரு குணம் உண்டு. அது தவறை நிறுத்துவதில்லை, ஒளிக்கக் கற்றுக்கொடுக்கிறது. துரை வரும்போது கையுறை போடுவதும், ஜீப் திரும்பியதும் கழற்றுவதும் அப்படி வந்தவைதான். சிறிய காயத்தை மறைப்பதும், வழுக்கி விழப்போன இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதும் அப்படியே. சொல்லப்படாத சின்ன விபத்து, வரப்போகும் பெரிய விபத்தின் முன்னறிவிப்பு. அதைச் சொல்ல வருகிறவருக்கு ஏச்சு கிடைத்தால் நாம் அந்த முன்னறிவிப்பை இழந்துவிடுகிறோம்.

இனி, கொழுந்து எடுக்கும் நமது தாய்மாரிடம் வருவோம். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் ‘பேர்’ என்ற சொல்லின் பாரம் தெரியும். சொன்ன கிலோ வந்தால் பேர், வராவிட்டால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது, 2024இல் 1350 ரூபாயானது. சம்பளம் கூடும்போதெல்லாம், ஒரு பேருக்கு இனி எத்தனை கிலோ என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. மலையில் ஒரு பெண் எப்படி நடப்பார், எங்கே கால் வைப்பார், எப்போது தண்ணீர் குடிப்பார், சிறுநீர் கழிக்க எவ்வளவு நேரம் அடக்குவார் என்பதையெல்லாம் தீர்மானிப்பது பாதுகாப்புச் சுவரொட்டி அல்ல, தராசுதான். கிலோவுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, அவதானமாக நடவுங்கள் என்று வாயால் சொன்னால், கை காசு சொல்வதைத்தான் கேட்கும்.

இதற்குக் குளவிக்கொட்டைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். நாம் குளவி என்று சொல்வதில் பெரும்பாலானவை சிங்களத்தில் பம்பரா எனப்படும் பெரிய மலைத்தேனீ. ஒன்று கொட்டினால் அதன் வாசனையே மற்றவற்றை அழைத்து வரும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே போதும், சில நிமிடங்களில் மூச்சடைத்து இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான். ஒவ்வாமை இல்லாதவருக்கும் நூற்றுக்கணக்கான கொட்டுகள் விழுந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். அதனால் கொட்டுப்பட்டவர் எழுந்து நடக்கிறாரே என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. இவை மருத்துவம்.

நடத்தை உளவியல் இன்னும் முன்னதாகத் தொடங்கும். மரத்தில் கூடு இருப்பதை அங்கே கொழுந்து எடுப்பவர்தான் முதலில் காண்கிறார். அவர் வந்து சொன்னால் என்ன நடக்கும்? அன்றைக்கு அந்த மலை நிறுத்தப்பட்டு, கொழுந்து குறைந்த வேறு மலைக்குப் போய் அரைப்பேரோடு திரும்ப வேண்டியிருக்குமானால், அவர் சொல்லமாட்டார். கூட இருப்பவர்களும் சொல்ல விடமாட்டார்கள். கூட்டைக் கண்டு சொன்னால் அந்தக் கேங் முழுவதற்கும் அன்று முழுப்பேர் என்று பெரட்டிலேயே அறிவித்துப் பாருங்கள். ஒரு கிழமையில் தோட்டத்துக் கூடுகளின் வரைபடமே கிடைத்துவிடும். அந்த முழுப்பேர்களின் செலவு ஒரு உயிரின் செலவைவிடக் குறைவு என்பதை எந்தக் கணக்கப்பிள்ளையும் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஸ்டோருக்குள் சுழலும் இயந்திரத்தைப் பார்க்கிறது. ஸ்டோருக்கு வெளியே விரிந்து கிடக்கும் மலை அதன் கண்ணில் படுவதில்லை. ஆனால் நமது பெண்களில் மிகப் பெரும்பாலானோர் வேலை செய்வது அந்த மலையில்தான்.

உடம்பைப் பற்றிச் சொன்னது மண்ணுக்கும் நீருக்கும் பொருந்தும். இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஒரு பாடம் நமது நாட்டிலேயே இருக்கிறது. 1995இல் இலங்கையில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அவற்றில் பெரும்பங்கு பீடைகொல்லிகளால் நேர்ந்தது. அரசு மிகக் கொடிய பீடைகொல்லிகளை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து அகற்றியது. 1998இல் எண்டோசல்பான் போனது. 2008க்கும் 2011க்கும் இடையில், தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பரக்குவாட்டும், அதோடு டைமெத்தோயேட், பென்தியன் ஆகியனவும் போயின. இருபது வருடத்தில் அந்த வீதம் ஏறக்குறைய 70 வீதம் குறைந்தது. பயிர் விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கிய ஆய்வு. பாதிக் கிராமங்களில் மருந்துப் போத்தல்களைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் ஒருவர் மறக்காமல் பூட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் திட்டம் தோற்றது. ஆபத்தையே வீட்டுக்கு வரவிடாமல் செய்த திட்டம் வென்றது. அந்த நஞ்சுகள் மண்ணிலிருந்தும், மருந்து அடிப்பவரின் தோலிலிருந்தும் சேர்ந்தே விலகின என்பது கூடுதல் நன்மை. (மனம் சோர்ந்து போகிறவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். இந்த இலக்கத்தை உங்கள் வகுப்பு நண்பிகளுக்கும் சொல்லுங்கள்.)

ஆனால் தடை போட்டால் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் பீடைகொல்லிகளும் இறக்குமதி செய்யக்கூடாது என்று ஒரே நாளில் அறிவிக்கப்பட்டு, அந்த வருட நவம்பரிலேயே அது கைவிடப்பட்டது. மருந்தை எடுத்தவர்கள் அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. புல்லு வெட்ட ஆள் வேண்டும், ஆளுக்குப் பேர் போட வேண்டும், இடைவெளியை மூட மூடுபயிர் வேண்டும். இவை இல்லாதபோது மலையில் இடுப்பளவு புல் வளரும். அட்டையும் பாம்பும் புதருக்குள் கட்டிய குளவிக்கூடும் யாருக்கு? உள்ளே இறங்கிக் கொழுந்து எடுப்பவருக்கு. ஒரு வழியை அடைப்பவர்கள், நடப்பவருக்கு இன்னொரு வழியை வெட்டிக் கொடுத்த பிறகே அடைக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது மீரியபெத்தையை நினைக்காமல் இருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். வீட்டிலிருந்த பலர் தப்பவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சொன்னோம், அவர்கள் போகவில்லை என்ற பேச்சு அப்போது எத்தனை தரம் கேட்டது! அதுவும் கவனயீனத்தின் இன்னொரு பெயர்தான். லயத்துக் காம்பரா நமது மக்களின் சொத்து அல்ல; அது வேலையோடு கட்டப்பட்டது. வேறிடத்தில் காணியும் கூரையும் தண்ணீரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் வேலைக்குப் போகப் பாதையும் தயாராக இல்லாதவரிடம் எச்சரிக்கையை மட்டும் கொடுத்தால், அவர் எங்கே போவார்? எச்சரிக்கை என்பது முன்னால் வைக்கும் அறிவிப்பு. காலை எடுத்து வைக்க இடம் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

பீலிக்கரையில் டாங்கி கழுவுவதும், கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் மானாப்புல்லுக்குத் தீ வைப்பதும்கூட இப்படித்தான். தண்ணீர் அங்கேதான் இருக்கிறது, அதனால் அங்கே கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் கீழ் லயத்துக்கும், பிறகு பதுளு ஓயாவுக்கும், அதன் வழியே மகாவலிக்கும் போகிறது. மேட்டில் ஒரு தொட்டி வைத்தால் பீலி தப்பும். தீ வைப்பவர்களில், இளம்புல் முளைத்தால் மாட்டுக்குத் தீனி கிடைக்கும் என்பதற்காக வைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் வனத்தின் அருமையைப் பேசுவதைவிட, கோடையில் மாட்டுக்குத் தீனிக்கு வழி செய்வது தீயை அணைக்கும்.

சகோதரிகளே, இதை ஏன் இங்கே பேசுகிறோம் என்று கேட்பீர்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் கொழுந்து எடுத்த காசில் சீருடை தைத்தவர்கள். இன்று நீங்கள் ஆசிரியைகள், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், வங்கி முகாமையாளர், பிரதேச செயலக உத்தியோகத்தர். சிலர் தோட்ட நிர்வாகத்திலும் தொழிற்சங்கத்திலும் இருக்கிறீர்கள். கொழும்பிலும் இலண்டனிலும் டொரொண்டோவிலும் பத்துப் பேருக்கு வேலை ஒழுங்கு செய்யும் இடத்தில் இருக்கிறீர்கள். ஒரு காலத்தில் மற்றவர்கள் நமது தாய்மாருக்குச் செய்த ஒழுங்கை, இப்போது நாம் பிறருக்குச் செய்கிறோம். அந்தப் பொறுப்புக்காக மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் கீழ் வேலை செய்யும் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால், முதலில் கேளுங்கள்: சரியானதைச் செய்வது இங்கே இலகுவா, கஷ்டமா? அடுத்து: சரியானதைச் செய்தவருக்கு இன்றைக்கே என்ன கிடைக்கிறது, என்ன பறிபோகிறது? மூன்றாவது: ஆபத்தை முதலில் கண்டவர் பயமில்லாமல் வந்து சொல்ல யார் இருக்கிறார்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகும் கவனயீனம் என்று எழுத மனம் வந்தால், எழுதுங்கள். அநேகமாக வராது.

நூற்றாண்டு நினைவாகத் தோட்டங்களுக்கு என்ன செய்யலாம் என்று சங்கம் யோசிக்கிறது. கையுறை வாங்கிப் பகிர்ந்து புகைப்படம் எடுப்பது இலகு. அதைவிட, ஒரு தோட்டத்தைத் தேர்ந்து, அங்குள்ள தொழிலாளப் பெண்களையே உட்காரவைத்து, எந்த மலையில் எந்த இடம் பயம் என்று அவர்கள் வாயால் கேட்போம். அதை அவர்களின் கையாலேயே வரைபடமாக்கிக் கொழுந்து மடுவத்தில் தொங்கவிடுவோம். சரி செய்த ஒவ்வொன்றையும் அதில் எல்லோரும் பார்க்கக் குறிப்போம். பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய், வழுக்குப் படிக்கு ஒரு கைப்பிடி, தோட்ட ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்தவரும் இருக்கிறார்களா என்று பார்ப்பது: இவற்றுக்கு நமது சங்கத்தின் கையிருப்பே போதும். குளவிக்கூட்டைக் கண்டு சொல்லும் நாளுக்கு முழுப்பேர் என்ற பேச்சை நிர்வாகத்தோடும் தொழிற்சங்கத்தோடும் பேச நமது உறுப்பினர்களே போதும்.

நூறு வருடத்துக்கு முன் இந்த மலைநாட்டில் பெண் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை என்று கேட்டிருந்தால், அவர்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் பலர் சொல்லியிருப்பார்கள். யாரோ சிலர் அந்தப் பதிலோடு நிற்காமல், நடந்து வரும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டினார்கள். பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் நாம்தான்.